ஆளில்லாமல் ஓடிய அஞ்சு மணி பஸ்

பெயர் மகாராணி. போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். வெளுத்த சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, இடுப்பில் மடித்துச் செருகிய பிளாஸ்டிக் தாள். பெற்றவர்கள் எந்த நினைப்பில் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. ஆனால் நாற்பத்தாறு வயதுவரைக்கும் அந்த மகாராணிக்கு வேலைக்குப் போகும் வழியில் உட்கார ஒரு முழு இடம் கிடைத்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இருபத்திரண்டு வருடம் அவள் ஜீப்பில் போனாள். போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். ஒன்பது பேர் ஏற வேண்டிய வண்டியில் இருபது பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி, அவள் முழங்காலில் இன்னொருத்தி, பின்படியில் தொங்க நாலு பேர். சிலமலையில் உள்ளே வைத்த காலை போடிமெட்டில்தான் வெளியே எடுக்க முடியும். அதுவும் அது தன் கால்தானா என்று ஒருமுறை கிள்ளிப் பார்த்துவிட்டு. ஜீப் ஓட்டிய பாண்டியராஜ் கெட்டவன் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் கொடுக்கிறார்கள், அதனால் எத்தனை தலை ஏறுமோ அத்தனை தலையை ஏற்றினான். இதில் யாரைப் போய் வைவது? எனக்கு வையத் தோன்றுகிறது, ஆனால் ஆள்தான் சிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதக் காலையில், மழையும் மூட்டமும் சேர்ந்து பாதையை மறைத்துக் கிடந்தபோது, பதினோராவது வளைவில் அந்த ஜீப் சறுக்கிக் கவிழ்ந்தது. நல்லவேளை, மலைப்பக்கத்து ஓடைக்குள் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் இதை யாரும் எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. உயிருக்குச் சேதமில்லை. மகாராணிக்குக் காறை எலும்பு முறிந்தது.

எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. பயம்தான் கூடவே தங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து, சோறு கட்டி, ஜீப் நிற்கும் இடம்வரை தெம்பாகத்தான் போவாள். படியில் கால் வைத்ததும் தொடை ஆடத் தொடங்கும். "ஏறுக்கா, மெதுவா ஓட்டுறேன்" என்று பாண்டியராஜ் கெஞ்சிப் பார்த்தான். மூன்று நாள் போனாள், மூன்று நாளும் கட்டிய சோற்றோடு வீட்டுக்குத் திரும்பினாள். நாலாம் நாள் போகவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடம் கீழ்க்காட்டு வேலைதான். வெங்காயம் வெட்ட, கடலை பிடுங்க, வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டால் அதிகம். மலைக்கூலியில் பாதிகூடத் தேறாது. கூலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். ஏலச்செடியின் தூரில் எந்தக் காய் முற்றியது, எது இன்னும் நாலு நாள் இருக்கவேண்டியது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லும் விரல் அவளுக்கு. அந்த விரலை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனையாக இருந்தது. போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் மொக்கையன், சட்டையில் ஏலக்காய் வாசத்தோடு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவார். அந்த வாசம் பட்டதும் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவள் அங்கே போய் அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததும் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

இதற்கிடையில் நாலைந்து ஊர்ப் பெண்கள் சேர்ந்து, மலைக்கு விடியற்காலை பஸ் வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து மகாராணியுடையது. மனுவைக் கொடுத்துவிட்டு எல்லாரும் மறந்தே போனார்கள். ஒரு வருடம் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில், நிஜமாகவே பஸ் வந்து நின்றது. சிலமலையில் காலை அஞ்சு மணிக்கு எடுத்து, போடி வழியாக போடிமெட்டு. சாயங்காலம் நாலரைக்கு அங்கிருந்து இறக்கம். சாதா பஸ், பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பது, ஆள் ஏறினால் தொடர்வது, ஏறாவிட்டால் நிறுத்திவிடுவது.

"ஆள் ஏறலைன்னாவா? நாங்க கூரை மேலயும் ஏறுவோம்" என்றாள் மகாராணி.

பஸ்சின் கண்டக்டர் கண்ணுச்சாமி தேவாரத்துக்காரர். இருபத்தாறு வருடச் சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அந்த இருபத்தாறு வருடமும் சமவெளியில்தான் போய்வந்தவர். யானை இறங்கித் தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டால் மறுநாள் புதுக்கன்று வைக்கிற குடும்பத்தில் பிறந்த ஆள், லேசில் எதற்கும் அசர மாட்டார். கொண்டைஊசி வளைவுக்கு மட்டும் அசந்துவிட்டார்.

முதல் நாள். காசு வாங்கவேண்டிய ஆண்களுக்குச் சமவெளியிலேயே டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டார். பெண்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது தப்பாகப் போயிற்று. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தபின் டிக்கெட் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். ஒன்றாவது வளைவில் கம்பியைப் பிடித்தார். இரண்டாவதில் கண்ணை மூடினார். மூன்றாவதில் முகம் வெளிறி, வேர்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் முதலில் டிக்கெட் அடிக்கப் போனது மகாராணிக்குத்தான். அவளோ பையைப் பிடித்து அவரை முன்சீட்டில் உட்கார வைத்தாள்.

"உக்காருங்கண்ணே முதல்ல. காசு குடுக்காத டிக்கெட்டு எங்களுக்கு எதுக்கு? பேப்பரு வீணு, உங்க உசுரும் வீணு."

"வாங்கிக்கிறணும்மா. அதான் முறை."

"ஓசிலதான போறோம். அத வேற கையில வச்சுக்கிட்டுப் போய் நாலு பேருட்ட காட்டணுமா?"

இந்த ஓசி என்ற சொல் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. முன்னொரு நாள் போடி சந்தைப்பக்கம் எவனோ ஒருவன் பெண்கள் கூட்டத்தைப் பார்த்து ஓசி பஸ் வருது என்று சொல்லிச் சிரித்திருந்தான். இருபத்திரண்டு வருடம் உழைத்த உடம்பு, ஒரு சொல்லுக்குக் கூசியது. டிக்கெட் வாங்காமல் இருந்தால் அந்தச் சொல்லும் தன்மேல் ஒட்டாது என்று அவள் நினைத்தாள். இப்படி நினைப்பதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். ரோஷத்துக்கு நியாயம் ஏது.

அவள் வேண்டாம் என்றதும் மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பஸ் முந்தலைத் தாண்டியதும் "உக்காருங்கண்ணே, கண்ண மூடிக்கங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். கண்ணுச்சாமியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருபத்தாறு வருடச் சர்வீஸ் ஆள், வளைவில் தலைசுற்றுகிறது, வேறு ரூட் கொடுங்கள் என்று டிப்போவில் போய்க் கேட்டால் சின்னப் பையன்களெல்லாம் சிரிப்பார்களே என்று அவருக்கு மானம் தடுத்தது. அவருக்குத் தன் மானம், அவளுக்குத் தன் ரோஷம். அந்த நேரத்தில் அந்த மலையில் சோதனை செய்யவும் எந்த அதிகாரியும் ஏறவில்லை.

மகாராணி மறுபடி மலைக்குப் போய்விட்டாள். அதுதான் பெரிய விஷயம். பஸ் அகலமாக இருந்தது, ஒருவர்மேல் ஒருவர் இல்லை, பிடிக்கக் கம்பி இருந்தது. வளைவுகளில் பயம் வரத்தான் செய்தது. மேலே போய்ச் சேரும்வரை கண்ணை ஒரு கணம் மூடமாட்டாள், பாதையையே பார்த்துக்கொண்டு வருவாள். ஆனாலும் போனாள். முதல் வாரம் தோட்டத்தில் காய் எடுத்த கையோடு வீடு திரும்பிய அன்று, "சட்டையக் கழட்டாம உள்ள வாங்க" என்று மொக்கையனிடம் சொன்னாள். அவர் உள்ளே வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

பாண்டியராஜ்கூட ஒரு மாதம் முறைத்துவிட்டு வழிக்கு வந்துவிட்டான். போடிமெட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு, பஸ்சில் வந்து இறங்குகிறவர்களைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டான். தடவைக்கு எட்டுப் பேர்தான், ஆனால் நாலு தடவை. மலை ஏறி இறங்கும் டீசல் மிச்சம்.

இரண்டரை மாதம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் இறக்கத்தில், டிரைவர் அமாவாசை வண்டியை சிலமலையில் நிறுத்திவிட்டு, இறங்கப்போன மகாராணியைக் கூப்பிட்டார்.

"யக்கா, இன்னும் பன்னெண்டு நாளுதான் இந்த பஸ்சு. அதோட நிப்பாட்டப் போறாங்களாம்."

"ஏன்?"

"ஆளே ஏறலையாம்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாற்பத்து நாலு சீட்டு பஸ்சில் பதினொரு பேர் நின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். அமாவாசை சிரிக்கவில்லை. அதைப் பார்த்தபின் சிரிப்பும் நின்றது. பஸ் போனால் மறுபடி ஜீப்பு. ஜீப்பென்றால் தன்னால் ஆகாது என்று மகாராணிக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், கூட வேலை செய்யும் ஜோதியைக் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். ஜோதி பன்னிரண்டாவது படித்தவள், வாய்த்துடுக்கு. பேச அவளும், அடக்க மகாராணியும் என்று ஏற்பாடு. மேனேஜர் யோகராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான ஆள். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"நான் ஒண்ணும் வேணும்னு நிறுத்தலக்கா. நீங்களே பாருங்க. தடவைக்குச் சராசரியா எட்டு டிக்கெட்டு. எட்டுப் பேருக்காக மலைக்கு ஒரு வண்டிய எப்படி ஓட்டுறது? டீசலு இருக்கு, டயரு இருக்கு. இங்க இருக்கிற வண்டியே பத்தல."

"எட்டா? சார், பொம்பளைங்க மட்டுமே..."

"பொம்பளைங்க டிக்கெட்டு ஒண்ணுகூட இல்லையேம்மா. எட்டும் ஆம்பளைங்க டிக்கெட்டு."

ஜோதி வாயைத் திறந்தாள். மகாராணி மெதுவாகக் கேட்டாள்: "சும்மா போற டிக்கெட்டுதான சார்? அது எதுக்குக் கணக்குல?"

"யாருக்கா சும்மான்னு சொன்னது? ஒங்களுக்குத்தான் காசு இல்ல. நீங்க வாங்குற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒங்களுக்காக அரசாங்கம் எங்களுக்குக் காசு தருது. அந்தக் காசுலதான் பஸ்சு ஓடுது. டிக்கெட்டு இல்லேன்னா நீங்க பஸ்சுல ஏறவே இல்லேன்னு அர்த்தம்."

மகாராணிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டரை மாதமாகப் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, தன் பஸ்சைத் தானே காலி செய்துகொண்டிருந்திருக்கிறாள். வாங்காமல் விட்டது ரோஷம் இல்லை, பொல்லாத முட்டாள்தனம். அவளுக்குத் தன்னையே ஓர் அறை விடலாம்போல இருந்தது.

"கண்டக்டரு குடுக்காம இருந்திருந்தா சார்?" என்று ஜோதி கேட்டேவிட்டாள்.

யோகராஜ் சிரித்தார். "ஆள ஏத்திக்கிட்டு டிக்கெட்டு குடுக்கலேன்னா வேலையே போயிரும்மா. கண்ணுச்சாமி அண்ணன் பழைய ஆளு, அந்த மாதிரிச் சோலியெல்லாம் செய்ய மாட்டாரு."

மேசைக்கு அடியில் மகாராணி ஜோதியின் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

"ஏங்க்கா மிதிச்ச? சொல்லிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்ல?"

"எது? அந்த மனுசன் வேலையா? வேண்டாம் வேண்டாம்னு சொன்னது நான். போறது அவரு வேலையா?"

அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கண்ணுச்சாமிக்கு ஓய்வூதியம்வரை உலை. சொல்லாவிட்டால் பஸ்சுக்கு உலை. மொக்கையனிடம் கேட்டாள். "நாளையிலருந்து டிக்கெட்ட வாங்குங்க" என்றார் அவர். வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை, பஸ் கிளம்புமுன் கண்ணுச்சாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"நானே போய்ச் சொல்லிர்றேன் தாயி. ஒங்க பஸ்சு போகக்கூடாது."

"பொறுங்கண்ணே. இன்னும் நாளு கெடக்கு. இன்னையிலருந்து நாங்க வாங்குறோம். வளைவுல நீங்க நிக்கவே வேண்டாம். கதவுக்குக் கீழ நில்லுங்க, டிக்கெட்ட வாங்கிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் ஏறுவா."

போடி பஸ்ஸ்டாண்டில் ஏறுகிற பெண்களிடம்தான் கொஞ்சம் சண்டை போடவேண்டியிருந்தது. தாமதமாகப் போனால், தோட்டத்தில் ஆளை எண்ணிப் பெயர் எழுதும் கங்காணி அரைநாள் கூலிக்குத்தான் எழுதுவார். வரிசையில் நிற்க யாருக்கும் பொறுமை இல்லை.

"ஓசி டிக்கெட்டுக்கு வரிசை வேறயா?" என்று மொக்கம்மாள் என்ற பெண் எகிறினாள்.

"ஓசின்னு இனி எவளாவது சொன்னீங்க, இருக்கு!" என்றாள் மகாராணி. "ஒன் பேருக்கு சர்க்காரு காசு கட்டுதுடி. நீ வாங்குனாத்தான் கட்டும். நீ வாங்காம ஏறுனா பஸ்சத்தான் திருடுற. பத்து நிமிசம் வெரசா எந்திரிச்சு வந்தா ஒண்ணும் கொறஞ்சு போகாது."

எழுந்து வந்தார்கள். பஸ் வருமுன்னே வரிசை நின்றது. அன்று காலை ஐம்பத்தைந்து டிக்கெட். மறுநாள் ஐம்பத்தைந்து. அதற்கடுத்த நாள் ஐம்பத்தாறு. மகாராணிக்கு நெஞ்சு லேசாயிற்று.

அவள் கணக்குப் போடாத ஒன்று இருந்தது. எட்டு டிக்கெட் ஓடிய பஸ்சில் ஒரே நாளில் ஐம்பத்தைந்து என்றால் ஆபீசில் இருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நாம் நினைப்போம். ஆபீசில் இருப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அமாவாசை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"யக்கா, கண்ணுச்சாமி அண்ணன் காலி பஸ்சுல ஒக்காந்துக்கிட்டு அவரா மெஷின அமுக்குறாருன்னு ஆபீசுல பேச்சு. பொம்பளை டிக்கெட்டுன்னா காசு கட்ட வேண்டியதில்லல்ல? பஸ்ச காப்பாத்த பொய் டிக்கெட்டு அடிக்கிறாராம். அரசாங்கக் காச ஏமாத்துற கேசு. டிக்கெட்டு குடுக்காததவிட இது பெருசுக்கா."

மகாராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் செய்த தப்பை மூடப்போய் இப்போது அந்த மனிதரைத் திருடனாகவே ஆக்கிவிட்டாள்.

மறுநாள் காலை முந்தல் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. ஓரத்தில் டிப்போ ஜீப்பு. அதிலிருந்து யோகராஜ் இறங்கி, கையில் கண்ணுச்சாமி பெயர் போட்ட ஒரு தாளோடு பஸ்சுக்குள் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். சீட்டெல்லாம் பெண்கள். நடுவிலும் பெண்கள். தூக்குவாளிகள், துண்டு கட்டிய தலைகள், பின்னால் ஓர் ஏழெட்டு ஆண்கள். நாற்பத்தேழு பெண்களும் ஒருத்தர் பாக்கியில்லாமல் டிக்கெட்டைக் கையில் தூக்கிக் காட்டினார்கள். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். கண்ணுச்சாமியின் மெஷினைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின.

"இத்தன பேரும் போன வாரம்வரைக்கும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

கண்ணுச்சாமி எழுந்தார். அவர் வாயைத் திறக்குமுன் மகாராணி எழுந்துவிட்டாள்.

"இதே சீட்டுலதான் சார் இருந்தோம்."

பஸ் கிளம்பியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் டிக்கெட் வேண்டாம் என்று தான் சொன்னதை, எல்லாரையும் சொல்ல வைத்ததை, அவரைப் பிடித்து உட்கார வைத்ததை. ஜீப்பு கவிழ்ந்ததையும் சொன்னாள். "எனக்கு இந்த பஸ்சு இல்லேன்னா மலை இல்ல சார். ஆனா அதுக்காக இந்த மனுசன் திருடன்னு பேரு வாங்கக்கூடாது. பஸ்ச வேணும்னாலும் எடுத்துக்கிருங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வாள் என்று அவளே நினைக்கவில்லை.

"அந்தம்மா சொல்றது பாதிதான் சார்" என்றார் கண்ணுச்சாமி. "வேண்டாம்னு அவங்க சொன்னாலும் குடுக்க வேண்டியது நான். எனக்கு இந்த வளைவுல நிக்க முடியல சார். தலை சுத்துது, வாந்தி வருது. வெளிய சொல்ல வெக்கம். அதான் விசயம்."

யோகராஜ் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பஸ் நாலாவது வளைவில் இருந்தது. அவருக்கு உட்கார இடம் இல்லை. ஜோதி எழுந்திரிக்கப் பார்த்தாள். "உக்காருடி" என்று மகாராணி அதட்டினாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, "கோவிச்சுக்கிராதீங்க சார், நின்னுக்கிட்டே வாங்க. எடம் இருக்கா இல்லையான்னு ஒங்களுக்கே தெரியட்டும்" என்றாள். பஸ் முழுக்க அமுக்கின சிரிப்பு ஓடியது.

அவர் நின்றுகொண்டே வந்தார். எட்டாவது வளைவில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பதின்மூன்றாவதில் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். போடிமெட்டில் இறங்கியதும் நேரே பஸ்சுக்குப் பின்பக்கம் போனார், கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். டீக்கடை மலையாளி, "சாரே, ஒரு கட்டன் குடிச்சா சரியாகும்" என்று பால் விடாத டீயை நீட்டினார். அதைக் குடித்தபின்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"கண்ணுச்சாமி அண்ணே, மெமோ உண்டு. அத நான் தடுக்க முடியாது. ஆனா பொய் டிக்கெட்டு இல்ல, நானே எண்ணிப் பாத்தேன்னு எழுதிக் குடுப்பேன்." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க நடந்ததெல்லாம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொண்டாந்து குடுங்க. மூணு மாசமும் இதே கூட்டம் இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தோட்டத்துக் கங்காணி செல்லக்கிளி அங்கேதான் நின்றிருந்தார். கக்கத்தில் பெயர் எழுதும் நோட்டு. "எங்கிட்ட இருக்கு சார். எந்தத் தேதிக்கு எத்தன பேரு பஸ்சுல வந்து எறங்குனாங்கன்னு எழுதி வச்சிருக்கேன். ஜீப்புக்காரன் தலைக்கணக்குக் கேப்பான்ல" என்றார். அந்த நோட்டை யோகராஜ் அங்கேயே வாங்கிப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆபீஸ் வேலை ஆபீஸ் வேகத்தில்தான் நடக்கும். பன்னிரண்டு நாள் முடிந்தது, பதில் இல்லை. பஸ்சை நிறுத்தச் சொல்லியும் தாள் வரவில்லை என்பதால் அமாவாசை பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலை இருட்டில் அந்த ஹெட்லைட்டைப் பார்க்கிறவரை மகாராணிக்கு மூச்சு முழுசாக வராது. பதினெட்டாம் நாள் உத்தரவு வந்தது. சோதனை ஓட்டம் என்ற வார்த்தை போயிற்று. அஞ்சு மணி பஸ் இனி வழக்கமான பஸ். காய் எடுப்பு மாதங்களில் போடியிலிருந்து இன்னொரு வண்டி விடுவதைப் பற்றி மேலே எழுதியிருப்பதாகவும் யோகராஜ் சொல்லி அனுப்பினார். அது வந்தால்தான் நிச்சயம். ஆனால் எழுதியிருக்கிறார் என்பதே பெரிது.

கண்ணுச்சாமிக்கு ஆறு மாதச் சம்பள உயர்வு கட். அத்தோடு தண்டனையாக ரூட் மாற்றம், போடியிலிருந்து தேவாரம். வளைவே இல்லாத சாலை, கடைசி ஸ்டாப்பில் அவர் வீடு. தண்டனைத் தாளை வாங்கிக்கொண்ட அன்று அவர் சிலமலை ஸ்டாப்பில் இறங்கி, ஒரு கிலோ அல்வா பொட்டலத்தை மகாராணி கையில் கொடுத்தார். "வெளிய சொல்லிராதீங்க தாயி, நான் சந்தோசமா இருக்கேன்னு தெரிஞ்சா மறுபடி மலைக்கே போட்டுருவாங்க" என்றார்.

உத்தரவு வந்த மறுநாள். புதுக் கண்டக்டர் கதவுக்குக் கீழே நின்றார், அவருக்கு அந்த வழக்கத்தைப் பெண்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மகாராணி டிக்கெட்டை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போடியில் ஏறிய ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து, தன் நாத்தனார் வீட்டுச் சண்டையை முந்தல்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். ஏற்றம் ஆரம்பித்தது. பதில் வராததைப் பார்த்துத் திரும்பினாள். மகாராணியின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஜோதி கதையை நிறுத்திக்கொண்டாள். பின்சீட்டில் பேசிச் சிரித்தவர்களைக் கையைக் காட்டி அடக்கினாள். என்ன ஏது என்று எட்டிப் பார்த்தவர்கள், பார்த்ததும் பேச்சை விட்டார்கள். மொக்கம்மாள் தன் துண்டை அவிழ்த்து ஜன்னல் காற்று படாமல் பிடித்துக்கொண்டாள். பதினோராவது வளைவு வந்தது, பஸ் உறுமித் திரும்பியது, போய்விட்டது. தோளில் இருந்த தலை அசையவில்லை.

போடிமெட்டில் பஸ் நின்றபோது ஜோதி மெதுவாகத் தட்டினாள். மகாராணி திடுக்கிட்டு எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"எத்தனாவது வளைவுடி?"

"வளைவெல்லாம் முடிஞ்சிருச்சுக்கா. எறங்கு வெரசா, பேரு எழுத ஆரம்பிச்சுட்டாங்க."